எட்டு இரவு, மூன்று தெரு

கியோட்டோ என்று முடிவானதும் அக்கா என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி. "தங்குற எடத்துல கால் மடக்காம உக்கார்ற டாய்லெட் இருக்குமாடி?" "மாடி ஏறணுமா?" அக்காவுக்கு 63 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. நான் அப்போது வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு எந்தக் கோயிலுக்கு எந்தப் பேட்டை பக்கம் என்று அளந்துகொண்டிருந்தேன். இரண்டு வாரம் அதே வேலை. போய் வந்த பிறகு சொல்கிறேன், அக்காவின் கேள்விகள் என் அளவுகளைவிட நன்றாக உதவின.

கியோட்டோவின் பெயர்பெற்ற இடங்கள் பகலில் எல்லோருக்கும் பொது. காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணிவரை, பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வந்தவருக்கும் ஒசாகாவிலிருந்து ரயிலேறி வந்தவருக்கும் கிடைப்பது ஒரே நெரிசல்தான். தங்கும் பேட்டை நமக்குத் தருவது அதற்கு முந்தைய விடியலையும் பிந்தைய இரவையும். ஒசாகாவில் அறை மலிவு, விரைவு ரயிலில் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று எங்களுக்குப் பலர் யோசனை சொன்னார்கள். இப்போது யாராவது என்னிடம் கேட்டால், அந்த விடியலை விற்றுவிடாதீர்கள் என்பேன். நாங்கள் போனது நவம்பர் இரண்டாம் பாதியில். மேப்பிள் இலைகள் சிவக்கும் பருவம். மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். அப்போது இரவு எங்கே கழிகிறது என்பதே பயணத்தில் பாதி.

எட்டு இரவுகளை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். ஒரே ஊருக்குள் மூன்று தடவை பெட்டி கட்டுவதா என்று அக்கா முணுமுணுத்தாள். நான் கேட்கவில்லை.

ஊரின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பேட்டைகள் பிடிபடும். 794இல் கன்மு பேரரசர் தலைநகரை இங்கே கொண்டுவந்தபோது, சீனத்தின் சாங்கான் நகரைப் பார்த்துக் கட்டம் கட்டமாகத் தெருக்களை வகுத்தார்கள். வடக்கே அரண்மனை. அங்கே பேரரசர் தெற்கு நோக்கி அமர்ந்திருப்பார். அவர் இடக்கைப் பக்கம் இருப்பது இடது தலைநகர், வலக்கைப் பக்கம் வலது தலைநகர். அதனால்தான் 'இடது' என்ற பொருளைப் பெயரிலேயே வைத்திருக்கும் சாக்யோ வட்டாரம் இன்றைய வரைபடத்தில் வலப்பக்கம், கிழக்கே இருக்கிறது. மேற்குப் பாதி சதுப்பு நிலம். அங்கே குடியிருப்பு நிலைக்கவில்லை. ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே கமோ ஆற்றுக்கும், ஆற்றைத் தாண்டி மலையடிவாரத்துக்கும் நகர்ந்தது. முகவரிகூடக் கட்டக் கணக்குத்தான். இன்ன தெருவும் இன்ன தெருவும் சந்திக்கும் இடத்திலிருந்து 'அகாரு' என்றால் மேலே, அதாவது வடக்கே. 'சகாரு' என்றால் கீழே, தெற்கே. கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் குழந்தைப் பாட்டு ஒன்றும் உண்டு. இங்கே பிள்ளைகள் ஊரைப் பாடியே மனப்பாடம் செய்கிறார்கள்.

முதல் இரண்டு இரவு ரயில் நிலையத்தை ஒட்டி. கன்சாய் விமான நிலையத்திலிருந்து ஹருகா ரயில் நேராக அங்கேதான் வந்து நிற்கிறது. நிலையம் ஹாரா ஹிரோஷி வடிவமைத்து 1997இல் திறக்கப்பட்ட மாபெரும் எஃகு, கண்ணாடிக் கட்டடம். எதிரே 1964இல் எழுந்த 131 மீட்டர் கோபுரம். பழைய கியோட்டோவை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு இந்த வாசலில் மனம் சுருங்கத்தான் செய்யும். எங்கள் அறையில் இரண்டு கட்டில் போட்டால் பெட்டி திறக்க இடமில்லை. ஆனால் லிஃப்ட் இருந்தது, அக்கா கேட்ட டாய்லெட் இருந்தது, இருக்கை சூடாகவும் இருந்தது. "இதுவே போதும்டி, எதுக்கு மாத்தணும்?" என்றாள்.

அந்தப் பேட்டைக்கு ஒரு காலை உண்டு. 7 மணிக்குப் பத்து நிமிடம் வடக்கே நடந்தால் கிழக்கு ஹொங்கான்ஜி கோயில். நுழைவுக் கட்டணம் கிடையாது. கூடத்தில் தரைப்பாய் சில்லென்றிருந்தது. வயதானவர்கள் சிலர், வேலைக்குப் போகும் உடையில் ஓரிருவர், நாங்கள் இருவர். காலை வழிபாட்டின் ஓதல் அந்தப் பெரிய மரக் கூரைக்குள் போய்த் திரும்பி வந்தது. 1864 தீயில் எரிந்த கோயிலை 1880 முதல் 1895 வரை மறுபடி கட்டியிருக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய மரக் கட்டடங்களில் ஒன்று இது. பெரிய உத்தரங்களை இழுக்கும்போது சாதாரணக் கயிறுகள் அறுந்துபோக, பல ஊர்ப் பெண்கள் தங்கள் கூந்தலை வெட்டிக் கொடுத்தார்கள். அந்த முடியைச் சணலோடு சேர்த்து முறுக்கிய கயிறு ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டிருக்கிறது. ஒரு மனிதக் கை அளவு தடிமன். அக்கா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு தன் பின்னலை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "எத்தனை பேர் தலைடி இது" என்றாள். குரல் உடைந்திருந்தது.

ஆனால் இரவில் அந்தப் பேட்டைக்கு முகமில்லை. எல்லோரும் எங்கிருந்தோ வருகிறார்கள், எங்கேயோ போகிறார்கள். நாராவுக்கும் உஜிக்கும் பகல் பயணம் போகிறவர்களும், இரவு நேரம் கழித்து வந்து இறங்குகிறவர்களும் அங்கே தங்கலாம். வயதானவர்களோடு வருகிறவர்களும் தயங்காமல் தங்கலாம். நகரப் பேருந்துகள் பலவும் புறப்படும் இடம் அதுதான். உட்கார்ந்து போக இடம் கிடைக்கும்.

நாங்கள் தங்காமல் நடந்து மட்டும் பார்த்த பேட்டை ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடக்கே ஒய்கே, தெற்கே கோஜோ, கிழக்கே கவராமாச்சி, மேற்கே ஹொரிகாவா. நடுவே ஷிஜோவும் கரசுமாவும் குறுக்கிடுகின்றன. வயலைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்து நான்கு கட்டமாக இருக்கும். இந்த நடுவூரும் அதே வடிவில் இருப்பதால் இதை 'தா நோ ஜி' என்கிறார்கள், வயல் எழுத்து. 2007இல் கொண்டுவந்த விதியின்படி இங்கே பெருஞ்சாலை ஓரத்தில் கட்டடம் 31 மீட்டரைத் தாண்டக் கூடாது; கட்டத்தின் உள்ளே 15 மீட்டர்தான். அதனால் பெருஞ்சாலையிலிருந்து ஒரு திருப்பம் உள்ளே போனாலே வானம் கீழே இறங்கி வந்துவிடுகிறது. முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த இடத்தைத்தான். சுரங்க ரயிலின் இரண்டு தடங்களும் கரசுமா ஒய்கேயில் சந்திக்கின்றன. நிஷிகி சந்தை நடை தூரம். ஜூலையில் கியோன் திருவிழாவுக்குப் போனால் உங்கள் வாசலிலேயே தேர் கட்டுவார்கள்.

தேர் என்றதும் ஒரு விஷயம். அந்தத் தேர்கள் ஒரு பொதுக் கோயிலின் சொத்தாக இல்லை. ஒவ்வொன்றும் ஒரு 'சோ'வுக்குச் சொந்தம். சோ என்பதுதான் கியோட்டோவின் அசல் அக்கம்பக்கம். நாம் வரைபடத்தில் நான்கு தெருவுக்கு நடுவிலுள்ள கட்டத்தை ஒரு பகுதி என்று எண்ணுவோம். பழைய கியோட்டோவில் ஒரு தெருவின் இரண்டு பக்கமும் எதிரெதிரே பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் சேர்ந்ததுதான் ஒரு சோ. முதுகோடு முதுகு ஒட்டிய வீட்டுக்காரர் வேற்றுத் தெருவைச் சேர்ந்தவர், எதிர்வீட்டுக்காரரோ நம்மவர். ஒனின் போர் 1467 முதல் 1477 வரை ஊரை எரித்து முடித்த பிறகு, 1500இல் திருவிழாவை மீட்டவர்கள் இப்படிப்பட்ட தெருக்காரர்கள்தான். எந்தப் பேட்டை என்று தேடிப் போன எனக்கு, கேட்க வேண்டியது எந்தத் தெரு என்பது அங்கேதான் உறைத்தது.

அடுத்த இரண்டு இரவு ஹிகாஷியாமா, கிழக்கு மலையடிவாரம். எல்லோர் கனவிலும் வரும் கியோட்டோ இதுதான்: கல் பாவிய சரிவுகள், யசாகா பகோடா, ஓட்டுக்கூரைகள். சன்னெய்சாகா தெருவையும் கியோன் ஷின்பாஷியையும் 1976இல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவித்தார்கள். பெட்டிகளை முந்தின நாளே கூரியரில் அனுப்பிவிட்டோம். இது யார் போனாலும் செய்ய வேண்டிய காரியம். அந்தக் கற்படிகளில் சக்கரப் பெட்டி ஏறாது, நெரிசல் பேருந்தில் அதற்கு இடமும் இல்லை. அக்கா படிக்கட்டுகளைப் பார்த்ததும் என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி ஏறினாள்.

தங்கியது சின்ன ரியோகான், ஜப்பானிய மரபு விடுதி. அக்கா சைவம். கியோட்டோ உணவில் காய்கறிதானே என்று நம்பிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: பெரும்பாலான சாறுகளில் காய்ந்த மீன் சீவலின் கொதிநீர் இருக்கும். முன்கூட்டியே எழுதியிருந்ததால், அந்த வீட்டம்மா கொம்பு என்னும் கடற்பாசியை மட்டும் ஊறவைத்துச் சாறு எடுத்திருந்தார். பாத்திரத்தில் தோஃபு மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. உடன் மெல்லிதாகச் சீவிய வெள்ளை டர்னிப் ஊறுகாய், சென்மாய்சூகே, குளிர்காலத்துக்கென்றே போடுவது. வழக்கமாக எல்லாவற்றிலும் காரம் தேடும் அக்கா அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இலையுதிர்காலத்தில் கியோமிசு கோயிலை இரவில் விளக்கேற்றித் திறந்துவைக்கிறார்கள். அந்த வாரம் சரிவுகளில் இரவு 9 மணிவரை தோளோடு தோள் உரசியது. பிறகு கடைக் கதவுகள் மூடியிருந்த தெருவில் எங்கள் காலடி மட்டும் கேட்டது. மறுநாள் காலை 6 மணிக்குக் கோயில் திறக்கும்போது இன்னும் இருட்டு. 1633இல் கட்டிய கோயில் மேடை, மலைச்சரிவிலிருந்து 13 மீட்டர் உயரத்தில் தூண்கள்மேல் நிற்கிறது. அதில் எங்களோடு நாலைந்து பேர். சூரியன் எங்களுக்குப் பின்னாலிருந்த மலைக்கு அப்பால் எழுந்துகொண்டிருந்ததால், முதல் வெயில் ஊரைத் தாண்டி எதிர்ப்பக்கம் மேற்கு மலைகளில் விழுந்தது. பிறகு பள்ளத்தாக்கில் மெல்ல ஊர்ந்து எங்களை நோக்கி வந்தது. நாங்கள் நின்ற இடம் கடைசிவரை நிழல்தான். கிழக்கே தங்கினால் மேற்கின் விடியலைப் பார்க்கலாம் என்று எந்த வரைபடமும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

இருந்தாலும் அங்கே எனக்கு ஒரு கூச்சம் விடாமல் இருந்தது. கியோனின் தனியார் சந்துகளில் நுழையாதீர்கள், மீறினால் 10,000 யென் என்று 2024 முதல் பலகை வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிற மைக்கோக்களை, அதாவது கெய்ஷா பயிற்சி பெறும் இளம்பெண்களைத் துரத்திப் படமெடுத்தவர்களால் வந்த பலகை அது. அதைக் கடக்கும்போதெல்லாம் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்ற நினைப்பு வந்தது. இரண்டு இரவு அங்கே தங்குங்கள், அந்த விடியலுக்காக. அதற்கு மேல் வேண்டாம்.

அராஷியாமா, ஃபுஷிமி என்ற பேட்டைகளிலும் தங்க யோசித்து, பிறகு கைவிட்டோம். அராஷியாமாவில் மாலைக்குப் பிறகு ஆறும் மலையும் தவிர வேறு துணையில்லை. அதை விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஃபுஷிமி இனாரி கோயிலோ இரவிலும் மூடாது. அதற்காக அங்கேயே தங்க வேண்டியதில்லை.

கடைசி நான்கு இரவு நிஷிஜின். ஊரின் வடமேற்கு. சுரங்க ரயில் இல்லை; பேருந்துதான், 230 யென், பின்வாசலில் ஏறி இறங்கும்போது முன்வாசலில் கட்ட வேண்டும். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் இந்தப் பேட்டைக்குப் பெரிய இடமில்லை. நாங்கள் எடுத்தது ஒரு மச்சியா, நெசவாளர் குடும்பத்தின் பழைய மர வீடு. தெருப்பக்கம் குறுகி உள்ளே நீண்டுகொண்டே போகும்; விலாங்கு மீனின் படுக்கை என்று அதற்குப் பேர். நடுவில் கையகல முற்றம், ஒரு கல், ஒரு செடி. படுக்கையறை மாடியில். ஏணிபோல் செங்குத்தான படி. அக்காவின் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லாமலே விட்டிருந்தேன். அவள் கீழே நடுக்கூடத்தில் மெத்தையை விரித்துக்கொண்டாள். அங்கே கியோட்டோவின் 'சொகோபியே' என்னும் அடிக்குளிர் தரையிலிருந்து ஏறியது. மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் தங்கிவிடும் குளிர் அது. வயதானவரோடு குளிரில் போகிறவர்கள் மச்சியாவை எடுக்கும் முன் படுக்கை எந்த மாடியில், சூடேற்றி எந்த அறையில் என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை, அக்கா அனுபவித்தாள். அதை நான் மறக்கவில்லை.

வீட்டில் ஒரு கையேடு இருந்தது. சந்தில் பெட்டியை உருட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். இரவு 9 மணிக்குமேல் வாசலில் பேசாதீர்கள். இப்படிச் சில வரி. சுற்றுலா விடுதிகள் பெருகியதில் ஊர் களைத்திருக்கிறது. தங்கும் வரியை 2018இல் கொண்டுவந்தார்கள். குடியிருப்புப் பகுதிகளில் தனிவீடுகளை வாடகைக்கு விடும் உரிமையையும் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை என்று சுருக்கினார்கள். விடுதி உரிமம் பெற்ற வீடுகள் ஆண்டு முழுக்க இயங்கலாம். எங்களுடையது அப்படி ஒன்று.

முதல் நாள் காலை சர் சர் என்ற சத்தம் கேட்டு எழுந்தேன். பக்கத்து வீட்டு மூதாட்டி, எண்பதைத் தாண்டியிருப்பார், தன் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். வாசல்தோறும் தீயணைக்கத் தண்ணீர் நிரப்பிய சிவப்பு வாளி. எதிர்வீட்டிலும் ஒருவர் பெருக்கினார். இதற்குக் 'கதோஹாக்கி' என்று பேர். தன் வாசலோடு, இரு பக்கத்து வீட்டின் பங்கிலும் ஒரு முழம் உள்ளே போய்ப் பெருக்க வேண்டும். சரியாக எல்லையில் நிறுத்தினால் மனமில்லாதவர் என்று அர்த்தம், மிகவும் உள்ளே போனால் அவரைக் குறை சொல்வதாகிவிடும். எங்கள் வீட்டுக்குப் பெருக்க ஆளில்லை. விருந்தாளிகள் வருவார்கள், போவார்கள். ஆகவே அந்த மூதாட்டி எங்கள் வாசல் முழுவதையும் பெருக்கினார். என்னைக் கண்டதும் தலையைத் தாழ்த்தி ஏதோ சொன்னார்.

அந்தத் தெருவில் பகலெல்லாம் எங்கோ ஒரு வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம். ஒனின் போரில் மேற்குப் படை முகாமிட்ட இடம் என்பதால்தான் நிஷிஜின் என்ற பேரே, மேற்கு முகாம். போர் முடிந்து சிதறியிருந்த நெசவாளர்கள் திரும்பிவந்து அந்த முகாம் கிடந்த மண்ணில் தறி போட்டார்கள். 1869இல் பேரரசர் டோக்கியோவுக்குப் போனதும் பட்டு வாங்க ஆளில்லாமல் போயிற்று. 1872இல் மூன்று பேரை பிரான்சின் லியோனுக்கு அனுப்பி ஜகார்டு தறியைக் கற்றுவரச் சொன்னார்கள். இருவர் தறியோடு திரும்பினார்கள். மூன்றாமவர் 1874இல் ஊர் திரும்பும் வழியில், இசு கரைக்கருகே கப்பல் மூழ்கி இறந்தார். அந்தத் தறிகளின் வம்சம்தான் சந்துக்குள் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறது. தட்டுகிற வீடுகள் குறைந்துவிட்டன. பழைய தறிக்கூடங்களில் ரொட்டிக்கடைகள், காப்பிக்கடைகள். போரில் குண்டு விழாத ஊர் கியோட்டோ என்று பொதுவாகச் சொல்வதுண்டு. நிஷிஜினில் 1945 ஜூன் 26 அன்று விழுந்தது. உயிர்கள் போயின. ஒரு சின்னப் பூங்காவில் அதற்கு நினைவுக்கல் இருக்கிறது. நாங்கள் போனபோது அதன் பக்கத்தில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

25ஆம் தேதி கித்தானோ தென்மாங்கு கோயில் வளாகத்தில் மாதச் சந்தை. பழைய துணி விற்றவர் ஒருவரிடம் அக்கா சிவப்பும் நீலமுமான கோடு போட்ட பருத்தித் துண்டு ஒன்றை எடுத்தாள். "நம்ம ஊரு லுங்கித் துணி மாதிரி இல்ல?" என்றாள். விற்றவர் "சந்தொமே" என்றார். எனக்கு உடல் சிலிர்த்தது. எடோ காலத்தில் டச்சுக் கப்பல்களில் நாகசாகிக்கு வந்த சோழமண்டலக் கரைக் கோட்டுத் துணிக்கு, மயிலாப்பூர்க் கரையின் போர்த்துகீசிய ஊரான சாந்தோமை வைத்து வந்த பெயர் அது. பிறகு ஜப்பானிலேயே அதைப்போல நெய்தார்கள், பெயர் மட்டும் மாறவில்லை. அக்காவிடம் சொன்னதும் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பேரம் பேசாமல் வாங்கினாள்.

அன்று மாலை தெருக்கோடியிலிருந்த பொதுக் குளியல் கூடத்துக்குப் போனோம். மூன்று நாளாக நான் கூப்பிட்டும் அக்கா வர மறுத்தாள். முன்பின் தெரியாத பெண்கள் நடுவே உடையில்லாமல் நிற்பதை அவளால் நினைக்க முடியவில்லை. குளிரில் முழங்கால் மடங்க மறுத்த பிறகுதான் சரி என்றாள். உள்ளே பக்கத்து வீட்டு மூதாட்டி. சின்ன முக்காலியை அக்காவுக்குத் தள்ளிவிட்டு, முதலில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பிறகு தொட்டி என்று கையால் காட்டினார். சிறு துண்டை மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளவும் சொல்லிக்கொடுத்தார். அக்கா கழுத்துவரை வெந்நீரில் இறங்கி முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். மூதாட்டியும் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். இருவரும் தத்தம் மொழியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். யாருக்கும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் கிளம்ப வேண்டும். 6 மணிக்கு எழுந்து பார்த்தால் கூடத்தில் அக்கா இல்லை. வாசலில் நின்றிருந்தாள், வீட்டுச் சமையலறை மூலையில் கிடந்த துடைப்பத்தோடு. எங்கள் வாசலைப் பெருக்கி முடித்து, பக்கத்து வாசலில் எவ்வளவு உள்ளே போகலாம் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு முழம்னுதானே சொன்ன?"

"ஆமாக்கா."

ஒரு முழம் பெருக்கி நிறுத்தினாள். அந்த வீட்டுக் கதவு நகர்ந்தது. மூதாட்டி தன் துடைப்பத்தோடு வெளியே வந்து, பெருக்கியிருந்த தரையையும் அக்காவையும் பார்த்தார். "ஓகினி" என்றார், கியோட்டோக்காரர்களின் நன்றி. பிறகு எஞ்சிய தன் வாசலைப் பெருக்கத் தொடங்கினார்.

பெட்டிகளைச் செம்போன் சாலைவரை தூக்கிக்கொண்டே போனோம். கனத்த பெட்டியின் ஒரு பிடியை அக்கா பிடித்துக்கொண்டாள், வேண்டாம் என்றாலும் விடவில்லை.